வெளிக்கிடு அண்ணையின் சப்பாத்து

நாற்காலியைக் கண்டுபிடித்தவன் வெளிக்கிடு அண்ணையைச் சந்தித்திருந்தால், நமக்கு இந்தப் பிழைப்பு வேண்டாம் என்று பட்டறையைப் பூட்டிவிட்டுப் போயிருப்பான். எழுபதுகளின் நடுவில், மெல்போர்னில் பிரன்ஸ்விக் பக்கத்து வாடகை வீடொன்றில் அவரோடு நான்கு வருஷம் குப்பை கொட்டினேன். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது கார் ஓட்டும்போது மட்டும்தான். அதுவும் நின்றுகொண்டு ஓட்டும்படி கார் செய்யாதது கம்பெனிக்காரனின் தப்பு என்பது அவர் கட்சி. இதற்கு ஒரே ஒரு நாள் விலக்கு உண்டு. அந்த நாளைச் சொல்லத்தான் வந்தேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது தபால்காரருக்கு மட்டும் தெரியும். அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். அந்த ஊர்த் தமிழில் 'வெளிக்கிடு' என்றால் புறப்படு, கிளம்பு என்று பொருள். சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் எங்கள் அறைக் கதவில் டமடமவென்று தட்டுவார்.

"தம்பியவை, வெளிக்கிடுங்கோ! வெளிக்கிடுங்கோ!"

"எங்கே அண்ணே?"

"அதைப் போகேக்க யோசிப்பம். முதல்ல வெளிக்கிடுங்கோ."

'தம்பியவை' என்பது திருச்சிக்காரனான நானும் மாயவரத்து மூர்த்தியும். மூர்த்தி கணக்கு ஆபீசில் இருந்தான். வாரத்துக்கு ஐந்து நாள் தூங்கியது போதாதென்று மீதி இரண்டு நாளும் தூங்க விரும்புகிறவன். அவன்தான் இந்தப் பெயரை வைத்தான். ஒரு மாதத்தில் தெருவில் இருந்த இத்தாலியக் கடைக்காரர் வரைக்கும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அண்ணையின் உத்தியோகம் பெரிய கட்டடக் கம்பெனி ஒன்றில் படம் வரைவது. சாய்ந்த பலகைக்கு முன்னால் நின்றுகொண்டே வரைய வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்தாரோ என்று எனக்குச் சந்தேகம். சாப்பாடு குசினியில் நின்றபடி. பேப்பர் படிப்பது வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தபடி. அரசியல் செய்தி வந்தால் நடை கொஞ்சம் வேகமாகும். டிராமில் ஏறினால் சிவப்பு விளக்கில் இறங்கி நடந்துபோய் அடுத்த நிறுத்தத்தில் அதே டிராமில் ஏறிக்கொள்வார். முடிவெட்டுகிற கிரேக்கர் இவரைக் கண்டால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, இன்றைக்கு உடம்பு சரியில்லை என்பார். யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால் இலைக்கு முன்னாலேயே விடை பெற்றுவிடுவார்.

"சரி, நான் போட்டு வாறன்."

"அண்ணே, இன்னும் சாப்பாடே போடலையே!"

"கட்டித் தாங்கோ, போற வழியில சாப்பிடுறன்."

ஊரிலிருந்து யார் புதிதாக வந்திறங்கினாலும் மெல்போர்னைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு அவருடையது. எந்த இடமானாலும் பத்து நிமிஷம். மியூசியத்துக்குப் பத்து நிமிஷம், கடலுக்குப் பத்து நிமிஷம். அப்படிச் சுற்றிப் பார்த்த மதுரை டாக்டர் ஒருவர், மறுநாள் தன் ஆஸ்பத்திரியிலேயே கால் வீக்கத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டார் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

இவ்வளவு ஓட்டத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் பரமேஸ் அக்கா. அண்ணையின் மனைவி. யாழ்ப்பாணத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சரித்திர டீச்சர். கல்யாணமாகி ஆறு வருஷம். அண்ணை ஆஸ்திரேலியா வந்து மூன்று வருஷம். அக்கா வரவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வந்து பார்க்க அங்கே என்ன இருக்கிறது என்று நீல நிறத் தபாலில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அண்ணை பதிலுக்குப் படம் பிடித்து அனுப்புவார். கடிதம் எழுதுகிற வழக்கம் அவருக்கில்லை. ஜன்னல் விளிம்பில் காகிதத்தை வைத்து, 'நலம். நலமறிய ஆவல். படம் அனுப்பியிருக்கிறேன்' என்று நின்றபடியே கிறுக்கி ஒட்டிவிடுவார். படங்களைப் பற்றி நான் என்ன சொல்ல? மனிதர் நடந்துகொண்டே எடுத்தவை. மெல்போர்னின் பெரிய தேவாலயத்தைப் பிடித்திருந்தார். பார்த்தால் மழையில் நனைந்த கோலம் மாதிரி இருந்தது.

ஒரு நாள் அக்காவின் கடிதம் வந்தது. குசினிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே உரக்கப் படித்தார். கேட்பதற்காக நாங்களும் பின்னால் நடந்தோம்.

"கேளுங்கோ. 'நீங்கள் அனுப்பின படங்களில கோயில் எது, பஸ் எது எண்டு விளங்கேல்லை. விளங்கின ஒண்டு ரெண்டும் நேற்றுக் கட்டினது மாதிரிக் கிடக்கு. சரித்திரம் இல்லாத இடத்தில நான் வந்து என்ன செய்யிறது? நூறு வருசம் பழசான ஒரு கோயில், நாலு நல்ல சித்திரம், ஒரு மலை, இந்த மூண்டும் உள்ள ஊர் ஒண்டு காட்டுங்கோ. பிறகு யோசிப்பம்.'"

மூர்த்தி சொன்னான்: "அண்ணே, அவங்க கேக்கறது கும்பகோணம் பக்கம்."

அண்ணை சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் குரல் தாழ்ந்ததைக் கேட்டேன்.

"அவவின்ர விசா செப்டம்பரோட முடியுது தம்பி. அதுக்குள்ள வராட்டி அவ்வளவுதான். நான் வேலையை விட்டிட்டுத் திரும்பிப் போக வேணும். இல்லாட்டி ரெண்டு பேரும் ரெண்டு கரையில நிண்டு கிழண்டு போக வேணும்."

அது மே மாதம். மூர்த்தி மாதங்களை விரல் விட்டு எண்ணினான்.

அண்ணையின் ஆபீசில் ஒரு ஜெர்மன்காரர் இருந்தார். அவர்தான் வழி சொன்னார். அடிலெய்டுக்குப் பக்கத்து மலையில் ஒரு ஊர். நூறு வருஷத்துக்கும் முன்பு, வழிபாட்டுத் தகராறில் சொந்த நாட்டை விட்டுக் கப்பலேறிய ஜெர்மன்காரர்கள் கட்டியது. கல் வீடு, தேவாலயம், பழைய பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரக் கூடம், எல்லாம் உண்டு. ஊரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. பின்னால் வரும் சப்பாத்து, அதாவது ஷூ, விவகாரத்தில் அவர்களை இழுத்துவிட எனக்கு விருப்பமில்லை; தப்பு முழுக்க எங்கள் மேல்.

ஜூன் மாத நீண்ட விடுமுறையில், வெள்ளிக்கிழமைக்கும் லீவு போட்டுவிட்டு, விடியற்காலையில் கிளம்பினோம். நானூறு மைலுக்கு மேல் பயணம். அண்ணை தேங்காய்ப்பூவுக்குப் பதில் டப்பாவில் விற்கும் காய்ந்த துருவலைப் போட்டுப் புட்டு அவித்துக் கொண்டுவந்தார். ஓடுகிற காரிலேயே சாப்பிட வேண்டும் என்பது விதி. ஜன்னல் வழியாக வந்த காற்றில் பாதிப் புட்டு மூர்த்தியின் தலையில் இருந்தது.

அப்போதுதான் நாட்டில் சாலைப் பலகைகளை எல்லாம் மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாற்றியிருந்தார்கள். பலகையில் நூறு என்று போட்டிருந்தால் நூறில் போக வேண்டும் என்று அண்ணை காலை அழுத்தினார். காரின் முள்ளோ பழைய மைல் முள். நல்ல வேளை, அந்தக் கிழட்டு ஹோல்டனுக்கு அறுபதைத் தாண்ட உடம்பில் தெம்பில்லை. பாலரத் நகரம் வந்தது. தங்கம் எடுத்த ஊராம், அழகான கட்டடங்களாம்.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. பாத்துட்டுப் போலாம்."

"பாத்தாச்சு தம்பி. இடப்பக்கம் நீர் பாத்தனீர், வலப்பக்கம் நான் பாத்தன். பிறகு கதைச்சுக்கொள்ளுவம்."

மூர்த்தி இயற்கை உபாதைக்கு இறங்க வேண்டும் என்று முப்பது மைலாகக் கெஞ்சிக்கொண்டிருந்தான். அதற்கு மட்டும் நிறுத்தினார். அவன் திரும்பி வந்து கதவைச் சாத்துவதற்குள் கார் நகர்ந்துவிட்டது.

அன்று மாலை போய்ச் சேர்ந்து, கேரவன் பார்க்கில் தகரப் பெட்டி போன்ற ஒன்றில் குளிரில் விறைத்துக் கிடந்தோம். சனிக்கிழமை காலை கதவில் டமடம.

"வெளிக்கிடுங்கோ!"

ஊர் என்றால் ஒரே தெரு. இரண்டு பக்கமும் இலையுதிர்ந்த பெரிய மரங்கள். கனமான மரச்சட்டம் வைத்துக் கட்டிய தாழ்வான கல் வீடுகள், புகைபோக்கியெல்லாம் புகை, பேக்கரி வாசனை. சுற்றிலும் பச்சை மலை. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்திருக்கலாம். அண்ணை அதற்குள் நாலு வீடு தாண்டியிருந்தார்.

இந்தத் தடவை படம் ஆடக் கூடாது என்று நானும் மூர்த்தியும் ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். அண்ணை கேமராவைக் கண்ணில் வைத்ததும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து அமுக்கிக்கொள்வோம். அவர் கிளிக் செய்ததும் விடுவோம். விட்ட வேகத்தில் அடுத்த இடத்துக்குப் போயிருப்பார். நாங்கள் ஓடிப்போய் மறுபடி பிடிக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து ஒரு கறுப்பு மனிதரைத் தெருத்தெருவாகப் பிடித்துப் பிடித்து விடுவதை ஜெர்மன் ஊர் வேலி வேலியாக நின்று பார்த்தது. நாற்பது நிமிஷத்தில் முப்பத்தாறு படம். வீடு, மலை, தெரு, தேவாலயம், எல்லாம் ஆடாமல் அசையாமல்.

இதில் விசேஷம், அந்தச் சின்ன ஊரில் ஒரே பிரிவைச் சேர்ந்த தேவாலயம் இரண்டு இருந்தது. அதில் ஒன்றின் முற்றத்தில் மேஜை போட்டுப் பழைய சாமான்கள் விற்றுக்கொண்டிருந்த ஹில்டா அம்மாளிடம் அண்ணை காரணம் கேட்டார். அறுபது வயதிருக்கும், ஆட்டுக்கம்பளிக் கோட்டும் கட்டான குரலும். அந்தக் காலத்தில் பெரியவர்களுக்குள் மனஸ்தாபம் வந்து பிரிந்துபோய் இன்னொன்று கட்டிக்கொண்டார்கள் என்று அந்த அம்மாள் கூச்சத்தோடு சொன்னார்.

அண்ணைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

"தம்பி, இதெல்லோ ஊர்! சண்டை பிடிச்சு ரெண்டாவது கோயில் கட்டியிருக்கிறாங்கள் எண்டா எவ்வளவு பழைய ஊரா இருக்க வேணும்! பரமேசுக்கு இது ஒண்டே காணும்."

முப்பத்தாறும் முடிந்த சுருளைக் கேமராவிலிருந்து கழற்றினார். அண்ணையின் கையில் எது கொடுத்தாலும் மதில் மேலோ பெஞ்சின் மேலோ வைத்துவிட்டுப் போய்விடுவார். இதற்கு முன் இரண்டு சுருள் அப்படித்தான் தொலைந்தன. அதனால் தேவாலயத்துக்குள் போவதற்கு முன் ஒரு யோசனை செய்தார். ஆமாம், நீங்கள் நினைப்பதுதான். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்.

"அண்ணே, இங்கெல்லாம் ஷூவோடதான் போவாங்க."

"கோயில் கோயில்தான் தம்பி. எங்கட ஊரில வேதக்காரரும் கழட்டிப்போட்டுத்தான் போறவை. கழட்டும்."

மூர்த்தி இந்தக் குளிரில் காலைக் கழற்றினாலும் கழற்றுவேன், ஷூவைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பேக்கரிக்கு ஓடிவிட்டான். நான் கழற்றினேன். அண்ணை தன் காலுறைகளைச் சுருட்டினார். அதற்குள் படச்சுருளை வைத்தார். வலது சப்பாத்தின் நுனிவரை அதைத் திணித்தார். குளத்தில் குளிக்கப் போகிறவன் கைக்கடிகாரத்தைச் செருப்புக்குள் ஒளித்து வைப்பானே, அந்தப் பரம்பரை ஞானம்.

"எதை மறந்தாலும் சப்பாத்தை மறக்க மாட்டன். இதை விடப் பத்திரமான இடம் உலகத்தில இல்லை."

அந்தச் சப்பாத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓடுகிற மனிதருக்கு அதுதான் சொத்து. தினமும் காலையில் முகம் தெரியும்வரை தேய்ப்பார். பதினொன்றாம் நம்பர், கறுப்புத் தோல், தோணி அளவு.

உள்ளே பத்து நிமிஷம். வெளியே வந்தோம். என் ஷூ வாசலிலிருந்து மேஜைக்கடியில் கிடந்த வேண்டாத சாமான் பெட்டிக்குப் போயிருந்தது. அண்ணையின் சப்பாத்து எங்குமே இல்லை.

ஹில்டா அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. விற்பனைக்குத் தானம் கொடுப்பவர்கள் காலையிலிருந்து வாசலில்தான் வைத்துவிட்டுப் போகிறார்களாம். இவ்வளவு பளபளப்பாக யாரோ கொடுத்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டு மேஜையில் வைத்தாராம். வைத்த கையோடு ஒரு பால் பண்ணைக்காரர் வாங்கிவிட்டார். காலுறையோடு சேர்த்து வண்டியில் எறிந்துகொண்டு போய்விட்டார். அம்மாள் பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்ப் பண்ணைக்குப் போன் செய்துவிட்டு வந்தார். பண்ணைக்காரர் வீட்டுக்குப் போகவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே போன் கிடையாது. மாலை பால் கறக்கத் திரும்பியதும் சப்பாத்தோடு அனுப்பிவைப்பதாக அவர் மனைவி சத்தியம் செய்தாளாம். மாலை என்றால் ஐந்து மணி. அப்போது மணி பதினொன்று.

அண்ணை வெறுங்காலோடு உறைந்த புல்லில் நின்றார். அவர் கவலை காலைப் பற்றியதல்ல.

"தம்பி, பரமேஸ் முழுக்க அதுக்குள்ளயெல்லோ இருக்கிறா."

என் ஷூவைக் கொடுத்தேன். அவருடைய கட்டைவிரலுக்குத்தான் சரியாக இருந்தது. மேஜையில் இருந்ததிலேயே பெரியது ஒரு பெண்கள் பூட்ஸ். அதையும் போட்டுப் பார்த்தார். கடைசியில் ஹில்டா அம்மாள் ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறையை அவர் காலில் மாட்டச் சொல்லி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அடுத்த கட்டடத்துச் சித்திரக் கூடத்தில் விட்டார். அங்கே கணப்பு இருந்தது. கணப்புக்கு அருகே ஒரு பெரிய தோல் நாற்காலி இருந்தது. நாற்காலிக்கு எதிரே சுவரில் சித்திரம் இருந்தது.

உள்ளே ஒருவரும் இல்லை. அண்ணை வழக்கம்போல் நடக்க ஆரம்பித்தார். மரத்தரைக்கு அன்றைக்குத்தான் மெழுகு போட்டிருந்தார்கள். கம்பளிக் காலுறை அதில் நிற்குமா? இரண்டாவது எட்டில் வழுக்கினார். எழுந்தார். இன்னொரு மூலைக்குப் போகப் பார்த்தார். அங்கேயும் வழுக்கி ஒரு மர அலமாரியைக் கட்டிப்பிடித்தார். ஹில்டா அம்மாள் விரலை நீட்டி நாற்காலியைக் காட்டினார். அந்த அம்மாள் ஏதாவது பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும்.

வெளிக்கிடு அண்ணை உட்கார்ந்தார்.

நான் இதை நம்ப முடியாமல் வாசலில் நின்றேன். மூர்த்தி கேக் வாயோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, அண்ணனுக்கு என்னடா ஆச்சு?" என்று பதறினான். விஷயத்தைச் சொன்னேன். கேக்கை விழுங்க முடியாமல் நின்றான்.

முதல் அரை மணி கால் ஆடிக்கொண்டே இருந்தது. நாற்காலியோடு நகர்ந்துபோய்விடுவாரோ என்று பயந்தேன். பிறகு சித்திரத்தைப் பார்க்கத் தொடங்கினார். அது ஒரு மலைச் சரிவு. மேலே ஒரு கல் வீடு. சரிவின் பாதியில் ஒருத்தி இரண்டு வாளித் தண்ணீரையும் கீழே வைத்துவிட்டு நிற்கிறாள். அவ்வளவுதான்.

"தம்பி, இவ ஏன் நிக்கிறா?"

"களைச்சுப் போயிருப்பாங்க அண்ணே. ஏத்தம்ல."

பத்து நிமிஷம் போனது. இருபது போனது. கால் ஆடுவது நின்றுவிட்டது.

"களைப்பு இல்லை தம்பி. மேல வீட்டில ஒருத்தரும் இல்லை. அதுதான் நிக்கிறா."

"எப்படிச் சொல்றீங்க?"

"புகை இல்லை, பாரும். காலையில இருந்து இந்த ஊரில எல்லா வீட்டிலயும் புகை பாத்தனாங்கள்தானே. இந்த வீட்டில மட்டும் இல்லை. போய்ச் சேந்தா அடுப்பை இவதான் மூட்ட வேணும். கதவைத் திறந்தா ஒரு சத்தமும் இருக்காது."

நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நாற்காலியின் கையைத் தட்டியபடி அவரே பேசினார். என்னிடம் பேசினாரா, படத்திடம் பேசினாரா, தெரியாது.

"நான் ஏன் கதிரையில இருக்கிறேல்லை தெரியுமே? இருந்தா வீடு சத்தமில்லாமக் கிடக்கிறது கேக்கும் தம்பி. நடந்துகொண்டிருந்தா அது கேக்காது."

மூன்று வருஷமாக அடுத்த அறையில் இருக்கிறேன். ஒரு தடவைகூட இது எனக்குத் தோன்றியதில்லை. சனிக்கிழமை விடியற்காலையில் கதவைத் தட்டும்போதெல்லாம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவரைத் திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

ஹில்டா அம்மாள் சூப் கொண்டுவந்தார். அண்ணை உட்கார்ந்தே குடித்தார். குடித்துவிட்டுக் காகிதம் கேட்டார். விற்பனை அறிவிப்பு அச்சடித்து மீந்த தாள்கள் ஒரு கத்தை வந்தது. அதன் பின்பக்கத்தில், தொடையில் ஒரு சித்திரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, எழுதத் தொடங்கினார். நாலு வரிக்கு மேல் எழுதி அறியாத மனிதர் எட்டுத் தாள் எழுதினார். நடுவில் சித்திரத்தைப் பார்ப்பார், மறுபடி எழுதுவார். நானும் மூர்த்தியும் ஊரைச் சுற்றிவிட்டு வந்தோம். அப்போதும் எழுதிக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்குப் பண்ணைக்காரர் வந்தார். யானை போன்ற மனிதர், பூனை போல நுழைந்தார். ஒரு கையில் சப்பாத்து, இன்னொரு கையில் ஒரு டஜன் முட்டை. கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதப் பையை எடுத்து நீட்டினார். உள்ளே படச்சுருள் முழுக்க நீளமாக வெளியே வந்து சுருண்டு கிடந்தது. தங்கை வீட்டுப் பிள்ளைகள் இது என்ன என்று இழுத்துப் பார்த்துவிட்டார்களாம். முப்பத்தாறு படமும் வெயில் குடித்துவிட்டது. முட்டைகள் அதற்கான மன்னிப்பு.

அண்ணை அந்தச் சுருளைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவர் கத்துவார், இல்லையென்றால் அழுவார் என்று நினைத்தேன். பண்ணைக்காரரின் கையைக் குலுக்கினார்.

நான்தான் பதறினேன். "அண்ணே, ஒண்ணும் கவலைப்படாதீங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. காலையிலே வெளிச்சம் வந்ததும் எல்லாத்தையும் திரும்ப எடுத்துடலாம். நானும் மூர்த்தியும் தோளைப் பிடிச்சுக்கறோம்."

"வேண்டாம் தம்பி. எழுதிப்போட்டன்."

"எழுதினா போதுமா? அவங்க படம்தானே கேட்டாங்க?"

"படமா கேட்டவ? நான்தான் அப்பிடி விளங்கிக்கொண்டன்." சப்பாத்தைப் போட்டு நிதானமாகக் கயிறு கட்டினார். "போவம். குளிருது."

திங்கட்கிழமை ஊர் திரும்பி, மறுநாள் கடிதத்தைத் தபாலில் போட்டார். ஜூலை போனது. பதில் இல்லை. மூர்த்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனைக் கட்டித் தூக்கிக்கொண்டு போயாவது படம் எடுக்க வைத்திருக்க வேண்டும் என்றான். ஆகஸ்டும் போனது. அண்ணை வாசல் கேட்டை விட்டு நகரவில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் ஏதோ வேலையாக வாசலில் இருப்போம். தபால்காரர் எங்களைக் கண்டாலே தலையைக் குனிந்துகொண்டு போனார்.

செப்டம்பர் இரண்டாவது வாரம் ஒரு தந்தி வந்தது. விமானத்தின் நம்பரும் தேதியும் இருந்தன. வேறு ஒரு வார்த்தை இல்லை. மூர்த்தி அன்று வேலைக்கே போகவில்லை, வீட்டைக் கழுவினான். மாயவரத்தில் அவன் அம்மா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பாள்.

துல்லாமரீன் விமான நிலையத்தில் பரமேஸ் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒல்லியான மனுஷி, கண்ணாடி, பருத்திச் சேலைக்கு மேல் யாரோ கொடுத்த ஆண்பிள்ளைக் கோட்டு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அண்ணை இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு பழக்கத்தில் விறுவிறுவென்று நடந்துவிட்டார். அக்கா எங்களோடு பின்னால் வந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அக்கா, ஒரு படம்கூட வரலையே, அப்புறம் எப்படி மனசு மாறினீங்க?"

அக்கா கண்ணாடியைச் சரிசெய்தார். "பள்ளிக்கூடத்தில எத்தினை பிள்ளையளின்ர கொப்பி திருத்தியிருப்பன். ஓடி ஓடி எழுதினா எழுத்து எப்பிடி இருக்கும், ஆறியிருந்து எழுதினா எப்பிடி இருக்கும் எண்டு தெரியாதே? மூண்டு வருசமா எனக்கு வந்த கடிதம் எல்லாம் கோணல். இது எட்டுப் பக்கமும் நேரா இருந்தது. மனுசன் எனக்காக ஒரு இடத்தில இருந்திருக்கு எண்டு விளங்கீட்டுது. உடனயே மேலிடத்துக்கு எழுதிப்போட்டன். அவங்கள் என்னை வேலையால விட ரெண்டு மாசம் எடுத்தது."

"அதை ஒரு வரி எழுதியிருக்கலாமே அக்கா! நாங்க இங்க செத்துப் பொழைச்சோம்."

"அங்கை நான் மூண்டு வருசம் இப்பிடி ஒரு கடிதத்துக்கு வழி பாத்துக்கொண்டிருந்தனான் தம்பி. இவர் ரெண்டு மாசம் பாத்தா என்ன?"

அண்ணை அதற்குள் வெகு தூரம் போய்விட்டார். கார் நிறுத்துகிற இடத்தின் மறுகோடியில் பெட்டிகளோடு அவர் முதுகு மட்டும் தெரிந்தது. அக்கா வகுப்பறைக் குரலில் கூப்பிட்டார்.

"இஞ்சாருங்கோ! மெல்ல நடவுங்கோ. நான்தான் வந்திட்டனே."

அண்ணை நின்றார். இரண்டு பெட்டியையும் தரையில் வைத்தார். அக்கா போய்ச் சேரும்வரை அசையாமல் அங்கேயே நின்றார். அந்த மனிதரை வைத்துக் காலமெல்லாம் சிரித்தவன் நான். அன்றைக்கு மூர்த்தியின் கைக்குட்டையைப் பிடுங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.